மஞ்சள் தொட்டி, இருநூற்று எண்பத்தெட்டு டிகிரி

போன மாதம் எனக்குப் பிரிவு உபசாரம் நடந்தது. கடலில் ஆளில்லாத மிதவைகள் வந்துவிட்டதால், விளக்குக் கப்பல்களில் வேலை பார்த்த எங்களில் பலருக்கு விருப்ப ஓய்வு கொடுத்துவிட்டார்கள். எனக்கு ஐம்பத்தோரு வயது. அன்றைய கூட்டத்தில் ஓர் இளம் பொறியாளர் மைக்கைப் பிடித்தார். பழைய கப்பல் பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை அவருடையது.

"அடையாறு முகத்துவாரத்துக்கு வெளியில நம்ம லைட்ஷிப் ஒண்ணு நின்னுச்சுல்ல? அதோட பதிவேட்டுல ஒரு நாள் என்ன எழுதியிருக்கு தெரியுமா? 'விளக்கு ஏற்றப்படவில்லை. கப்பல் இடம் மாறியுள்ளது. குறி தவறு: மாஸ்டர்.' என்ன குறின்னு பார்த்தா, ஒரு மஞ்சள் வாட்டர் டேங்க்! லைட்ஹவுஸ் இருக்கு, சர்ச் இருக்கு, மனுஷன் டேங்க்கைப் பார்த்திருக்காரு!"

கூடம் முழுக்கச் சிரிப்பு. நான் கையில் பஜ்ஜியோடு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். நாலு பேர் திரும்பிப் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பஜ்ஜியைத் தின்றுவிட்டு வந்துவிட்டேன். எங்கள் ஊழியர் சங்க மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று செயலாளர் கேட்டதும் உடனே சரி என்றது அதனால்தான். அந்த வரியில் இருக்கிற பெயர் தப்பு.

நான் பத்தாம் வகுப்பு முடித்தவன். சாந்தோம் தேவாலயப் பங்கைச் சேர்ந்த குடும்பம். விளக்குத் துடைக்கும் வேலைக்கு எடுத்தார்கள். இரண்டு வருடம் கரையில் பயிற்சி. அதில் கண்ணாடியைக் கீறாமல் துடைப்பதும், வாயை மூடிக்கொண்டு கடலைப் பார்ப்பதும் கற்றுக்கொண்டேன். பின்னது எனக்கு ஏற்கெனவே வரும். பிறகு வங்காளப் பக்கம் ஓர் ஆற்று முகத்துவாரத்தில் பல வருடங்கள் விளக்குக் கப்பல் வாழ்க்கை. அதில் சொல்ல அதிகம் இல்லை. சேறு நிறத் தண்ணீர், மூடுபனி, மணிச் சத்தம்.

விளக்குக் கப்பல் என்றால் என்ன என்று இப்போது சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்குத் தெரியாது. கலங்கரை விளக்கம் கட்ட அடியில் பாறையோ மண்ணோ வேண்டும். மணல் நகர்ந்துகொண்டே இருக்கிற இடத்தில், ஆழத்தில், கோபுரம் நிற்காது. அங்கே ஒரு கப்பலைக் கொண்டுபோய்ச் சங்கிலியில் கட்டி, அதன் நடுமரத்தின் உச்சியில் விளக்கை வைப்பார்கள். எங்கேயும் போகாமல் இருப்பதற்காகவே கட்டப்பட்ட கப்பல் அது. எங்கள் கப்பலில் இருந்த இஞ்சின் விளக்குக்கு மின்சாரம் கொடுக்கத்தான், நகர்வதற்கு இல்லை. உடம்பெல்லாம் சிவப்பு. பகலில் அடையாளம் தெரிய விளக்கறைக்கும் மேலே ஆள் உயரத்துக்கு ஒரு கூண்டுப் பந்து. நங்கூரம் கொக்கி மாதிரி இருக்காது. கவிழ்த்த காளான் மாதிரி இருக்கும். எந்தப் பக்கம் இழுத்தாலும் மண்ணுக்குள் புதைந்துகொள்ளும். விளக்கு, ஒன்றுக்குள் ஒன்றான இரண்டு வளையங்களில் தொங்கும். அடியில் கனமான குண்டு. கப்பல் எப்படிச் சாய்ந்தாலும் விளக்கு நேராகவே நிற்கும். ஆடுகிற அறையில் ஆடாமல் இருக்கிற அந்த ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தால், கப்பல்தான் நிற்கிறது, உலகம்தான் ஆடுகிறது என்று தோன்றும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சரக்குக் கப்பல் அடையாறு முகத்துவாரத்துக்கு நேரே, கரையிலிருந்து இரண்டு மைல் தள்ளி மூழ்கியது. அதன் கொடிமரத்தின் நுனி தண்ணீருக்கு ஒரு முழம் கீழே நின்றது. அதை அறுத்து எடுக்கும்வரை அந்த இடத்தைக் காட்ட, ஓய்வாகக் கிடந்த எங்கள் பழைய கப்பலை இழுத்து வந்து, மூழ்கிய கப்பலுக்கு வடகிழக்கே நிறுத்தினார்கள். விளக்குக் காவலராக நானும் வந்தேன்.

என் வீடு பட்டினப்பாக்கம் குடியிருப்பில், மூன்றாவது மாடி. கப்பல் தளத்தில் நின்றால் தெரியும். தெரியும், போக முடியாது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் விடுப்பு.

கரையைக் கடலிலிருந்து பார்த்தவர்களுக்குத்தான் நான் சொல்வது புரியும். கப்பல் நகராது, ஆனால் சங்கிலியைச் சுற்றிச் சுழலும். காலையில் சமையலறை ஜன்னலில் பெசன்ட் நகர் இருக்கும். சாப்பிடும்போது அதே ஜன்னலில் வெறும் கடல். தட்டைக் கழுவும்போது மயிலாப்பூர் மெல்ல உள்ளே வந்து நிற்கும். கரைக்காற்று அடிக்கிற விடியற்காலையில் அடையாற்றுச் சேற்று வாசனையோடு யார் வீட்டிலோ தாளிக்கிற வாசனையும் வரும். தீபாவளிக்கு வாணங்கள் மலர்வதைப் பார்த்துவிட்டு, பத்துப் பதினோரு எண்ணிய பிறகுதான் சத்தம் வரும். நாங்கள் பார்க்கிற ஊர் கொஞ்ச நேரத்துக்கு முந்தைய ஊரோ என்று இருக்கும்.

மாஸ்டர் வைத்தியநாதன் மயிலாப்பூர்க்காரர். மாட வீதிக்குப் பின்னால் வீடு. கப்பலின் தலைவர் அவர்தான். சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. சமையல்காரர் முதல் எல்லோரையும் 'நீங்கோ' என்றுதான் கூப்பிடுவார். தப்புச் செய்தவனிடம் 'ஏன்' என்று கேட்கவே மாட்டார். 'எத்தனை?' 'எப்போ?' 'எந்தப் பக்கம்?' இவைதான் அவர் கேள்விகள். பதிலைக் கேட்டுவிட்டு, சீவிய பென்சிலால் எழுதிக்கொள்வார். ஏன் என்று திட்டு வாங்கியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று ஆகிவிடும்.

காப்பி குடிக்கும் நேரத்தில் மட்டும் கதை சொல்வார். உலகத்தின் முதல் விளக்குக் கப்பல் லண்டன் ஆற்றின் வாயில் நின்றதாம். சின்னக் கப்பல், குறுக்குக் கட்டையில் இரண்டு எண்ணெய் லாந்தர்கள். கயிற்றில் கட்டியிருந்ததால் அடிக்கடி அறுத்துக்கொண்டு போய்விடுமாம்.

"விளக்கு எரியறதா, அது பெரிசு இல்லை. எந்த எடத்துல எரியறதுங்கறதுதான். எடம் தப்பின விளக்கு, விளக்கு இல்லாததைவிடக் கெடுதல்" என்பார்.

அதற்கு ஒரு விதியே உண்டு. கப்பல் தன் இடத்தை விட்டு நகர்ந்துவிட்டால், விளக்கை ஏற்றக் கூடாது. உச்சியில் இருக்கிற பந்தை இறக்கிவிட வேண்டும். பகலில் முன்னும் பின்னும் இரண்டு கறுப்புப் பந்துகள், இருட்டில் முன்னும் பின்னும் இரண்டு சிவப்பு விளக்குகள். 'என்னை நம்பாதே' என்று அர்த்தம். அதுவரை என் வேலைக் காலத்தில் அதைச் செய்ய நேர்ந்ததே இல்லை.

இடத்தில்தான் இருக்கிறோமா என்று தெரிந்துகொள்ள, காவல் மாறும்போதெல்லாம் கரையில் இருக்கும் மூன்று குறிகளைத் திசைகாட்டியில் பார்ப்போம். மெரினா கலங்கரை விளக்கம், சாந்தோம் தேவாலயக் கோபுரம், எலியட்ஸ் கடற்கரை நினைவு மண்டபம். ஒவ்வொன்றும் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று, அதாவது அதன் பேரிங்கை, எழுதி, வரைபடத்தில் மூன்று கோடுகள் இழுக்க வேண்டும். மூன்றும் ஒரே புள்ளியில் சேரவே சேராது. குட்டி முக்கோணம் ஒன்று விழும். மாஸ்டர் அதைப் பென்சில் முனையால் தொட்டுக் காட்டுவார். "இதுக்குள்ளதான் நம்ம குடித்தனம்."

மண்டபம் சின்னது, வெள்ளை. கொஞ்சம் புகைமூட்டம் இருந்தால் கண்ணில் படாது. அப்படி ஒரு நாள், மூன்றாவது குறிக்கு என்ன செய்யலாம் என்று அவர் கேட்டார். "மஞ்சளா ஒரு தண்ணித் தொட்டி தெரியுது சார். இருநூத்தி எண்பத்தெட்டு" என்றேன்.

"என்ன கட்டடம்?"

"குடியிருப்பு சார்."

அவர் பதிவேட்டில் மாற்றுக் குறியாக எழுதிக்கொண்டார். அது என் வீட்டு மொட்டைமாடித் தொட்டி என்று நான் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்களோ என்று கூச்சம். அதற்கு இடப்பக்கம் இரட்டைத் தென்னை. வெயில் நாளில் தொலைநோக்கியில் பார்த்தால் தொட்டிக்குக் கீழே ஒரு நிறப்புள்ளி அசையும். அது ஸ்டெல்லா காயப்போட்ட சேலை என்று நானே முடிவு செய்துகொள்வேன். ஸ்டெல்லா என் மனைவி. பேரிங் எடுக்க ஒரு நிமிடம் போதும்; நான் பத்து நிமிடம் நிற்பேன்.

இஞ்சின் பார்க்கும் முனுசாமி விடமாட்டார். "இன்னாண்ணே, அந்தப் பக்கமே பாத்துக்கினு கீற? ஊட்ல இன்னா கொழம்புன்னு தெர்தா?"

"பேரிங் எடுக்கறேன்பா."

"எடு எடு. நல்லா மோந்து பாத்து எடு."

மூன்று மாதத்தில் அந்தத் தொட்டி எல்லோருக்கும் பழகிவிட்டது. எதிர் வெயிலில் தேவாலயம் மங்கினாலும் தொட்டி பளிச்சென்று தெரியும். காவல் முடிந்து இறங்குகிறவன், வருகிறவனிடம், "தொட்டி சரியா இருக்கு" என்றுதான் சொல்வான். மற்ற இரண்டு குறிகளை யாரும் வாயால் சொல்வதுகூட நின்றுபோனது.

நவம்பரில் சாமான் படகு வந்தது. அதில் ஸ்டெல்லாவின் கடிதமும் ஒரு பாட்டில் நெத்திலி ஊறுகாயும் இருந்தன. ஊறுகாயைத்தான் முதலில் திறந்தேன். கடிதத்தில் பள்ளிக்கூடம், மழை ஒழுகல், பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் இப்படி ஒரு வரி: 'பெயிண்ட் அடிக்கிறார்கள். எந்த பிளாக் எது என்று தெரிவதற்காக இனி நம் தொட்டி வெள்ளை, தெற்கே கடைசி பிளாக்குக்குத்தான் மஞ்சளாம். எனக்கு மஞ்சள்தான் பிடித்திருந்தது.' எனக்கும்தான் என்று நினைத்துக்கொண்டு மடித்துப் பையில் வைத்தேன். அதற்கு மேல் அந்த வரியைப் பற்றி நான் யோசிக்கவில்லை. அது இன்றைக்கும் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. மறுநாள் மழையில் கரையே தெரியவில்லை.

அதற்கு மறுநாளும் கரை தெளியவில்லை; பிற்பகல் வடகிழக்கிலிருந்து ஒரு சூறைக்காற்று வந்தது. ஒரு மணி நேரம் கப்பல் சங்கிலியில் தலையை உதறிக்கொண்டே இருந்தது. பிறகு காற்று தணிந்தது, மழை நிற்கவில்லை. கரை முழுவதும் சாம்பல் திரை. சூரியன் மறைய அரை மணி இருக்கும்போது, மேற்கே மேகத்தில் ஒரு கிழிசல் விழுந்தது. அதன் வழியே வெயில் ஒரே ஓர் இடத்தில் இறங்கியது. அங்கே மஞ்சள் தொட்டி, யாரோ துடைத்து வைத்த பித்தளைக் குடம் போல மின்னியது. கலங்கரை விளக்கம் இல்லை, தேவாலயம் இல்லை, ஊரே இல்லை. தொட்டி மட்டும்.

"எத்தனை?" என்றார் மாஸ்டர்.

"இருநூத்தி எண்பத்தெட்டு சார்."

கப்பலின் பக்கவாட்டில் ஓர் ஈயக் குண்டைக் கயிற்றில் கட்டித் தரையில் போட்டு வைத்திருப்போம். கப்பல் நகர்ந்தால் கயிறு சாயும். அன்றைக்குக் கயிறு முன்பக்கம் சாய்ந்துதான் இருந்தது. மாஸ்டர் அதைக் கையால் தொட்டுப் பார்த்தார். "ஆடின ஆட்டத்துல சாஞ்சிருக்கும். தொட்டி சரியா நிக்கறதே. போங்கோ, விளக்கை ஏத்துங்கோ" என்றார்.

நான் விளக்கறைக்கு ஏறினேன். கண்ணாடியைத் துடைத்தேன். விசையில் கை வைத்தபோதுதான், அவ்வளவு நேரம் எங்கோ மிதந்துகொண்டிருந்த அந்த வரி வந்து இடித்தது. இனி நம் தொட்டி வெள்ளை.

தொலைநோக்கியை எடுத்தேன். வெயில் இன்னும் அந்தத் தொட்டியின் மேல்தான் இருந்தது. இடப்பக்கம் தென்னை இல்லை. வலப்பக்கமும் இல்லை. அது தெற்கே கடைசி பிளாக். அது இருநூற்று எண்பத்தெட்டில் தெரிகிறது என்றால், அது எங்கள் பிளாக்குக்கு எவ்வளவு தெற்கோ, அவ்வளவு நாங்களும் தெற்கே போய்விட்டோம்.

என் மைத்துனன் ஆரோக்கியம் அன்று மதியம் மூன்று படகுகளோடு வலை எடுக்கப் போயிருந்தான். போகும்போது எங்கள் பக்கமாக வந்து கையாட்டிவிட்டுப் போனான். அவனுக்கு வழி சொல்லிக்கொடுத்தவன் நான்தான். 'திரும்பும்போது எங்க விளக்குக்கு வடக்கால, ஒட்டினாப்போல வா. தெற்கால போகாத, மூழ்கின கப்பல் இருக்கு.' இப்போது நாங்கள் தெற்கே நகர்ந்திருந்தோம். விளக்குக்கு வடக்கே வருகிறவன் நேராக அந்தக் கொடிமரத்தின் மேல்தான் வருவான்.

படிகளில் இறங்கியதுகூட நினைவில்லை.

"ஏத்தியாச்சா?"

"இல்ல சார். அந்தத் தொட்டி வேற சார்."

மாஸ்டர் நிமிர்ந்தார். பக்கத்தில் முனுசாமி வேறு நின்றார்.

"நாம எப்பவும் பாக்கறது எங்க வீட்டு மாடி சார். அதுக்கு வெள்ளை அடிச்சிட்டாங்க. வேற பிளாக்குக்கு மஞ்சள். என் சம்சாரம் எழுதியிருந்தா. நான் படிச்சேன். சொல்லல."

"லெட்டர் எப்போ வந்தது?"

"முந்தாநாள் சார்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு இங்கேர்ந்து கோயில் கோபுரம் தெரியறது. தெனம் பாக்கறேன். அதுல ஒருநாளும் பேரிங் எடுத்ததில்லை. நம்மாத்தைப் பாக்கற கண்ணு வேற, அளக்கற கண்ணு வேற, அந்தோணி." பிறகு தனக்கே சொல்வதுபோல், "ஒத்தைக் கோட்டை வெச்சுண்டு நான் எப்படி சரின்னேன்?" என்றார். உடனே எழுந்துவிட்டார். "ரெண்டாவது நங்கூரத்தைப் போடச் சொல்லுங்கோ. பந்தை இறக்குங்கோ. விளக்கு வேண்டாம்."

"சார், வெளியில படகுங்க இருக்கு. என் மச்சானும் இருக்கான். இருட்டிடுச்சுன்னா…"

"தெரியும். அதனாலதான்."

துறைமுகத்துக்கு வயர்லெஸ்ஸில் சொன்னார். பெரிய கப்பல்களுக்குச் செய்தி போய்விடும். ஆரோக்கியத்தின் படகில் வயர்லெஸ் ஏது? நான் முன்னும் பின்னும் சிவப்பு விளக்குகளைக் கட்டினேன். பிறகு விளக்கறையில் போய் உட்கார்ந்தேன். அங்கே எனக்கு வேலை இல்லை. ஆனாலும் வேறு எங்கே போவது? எரியாத விளக்கு இரண்டு வளையங்களுக்குள் நேராகவே தொங்கியது. வெளியே கரை விளக்குகள் ஒவ்வொன்றாக வந்து, மழையில் கரைந்து, திரும்ப வந்தன. அதில் ஒன்று எங்கள் வீடு. ஸ்டெல்லா ஜன்னலில் நின்று பார்ப்பாள் என்று தெரியும். கல்யாணமான நாளிலிருந்து நான் அவளிடம் பெருமையடித்துக்கொண்டது ஒன்றே ஒன்றைப் பற்றித்தான்: என் விளக்கு ஒரு நாளும் அணைந்ததில்லை.

நூறு முறை விசையைப் பார்த்தேன். ஒரு தட்டுத் தட்டினால் போதும், ஆரோக்கியத்துக்கு ஏதாவது ஒரு வெளிச்சமாவது தெரியும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. அந்த எண்ணம்தான் ஆபத்து என்று தெரிந்தும் தோன்றியது. என் கையை நானே மடியில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

விடிந்தது. மழை இல்லை. எங்களுக்கு வடமேற்கே, நேற்றுவரை நாங்கள் தென்மேற்கில் பார்த்த அந்தச் சுழிப்பு, கொடிமரத்தின் மேல் தண்ணீர் சுருளும் இடம், தெரிந்தது. கிழக்கே மூன்று கறுப்புப் புள்ளிகள். அவை மெல்ல வளர்ந்து படகுகளாயின. முதல் படகு எங்கள் பக்கத்தில் வந்து நின்றது. ஆரோக்கியம் தலையில் பிளாஸ்டிக் பையைக் கட்டியிருந்தான்.

"இன்னா மாமா, கரண்டு பில்லு கட்லயா?"

முனுசாமிதான், "டேய், நைட்டு எங்கடா இருந்த?" என்றார்.

"நடுக்கடல்ல குந்திக்கினு இருந்தோம். வெளக்கு எரிஞ்சிருந்தா அதுக்கு வடக்கால ஒரே இழுப்பா வந்துருப்பேன். மாமா சொன்ன ரூட்டு. காணோம். ரெண்டு செவப்பு மட்டும் தெர்து, சினிமாக் கொட்டாய் மாரி. இன்னாவோ தப்பா கீதுன்னு கல்லைப் போட்டு நின்னுட்டோம். மீனு பூரா நாறிப்போச்சு மாமா!"

"நாறட்டும்டா" என்றேன். கயிற்றைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

இழுவைப் படகு வந்து எங்களைப் பழைய இடத்தில் விட்டது. மாஸ்டர் பதிவேட்டை எழுதினார். நான் அருகில்தான் நின்றேன். 'குறி தவறு' என்று எழுதி, இரண்டு புள்ளி வைத்து, 'மாஸ்டர்' என்று முடித்தார். இந்த ஒன்றை மட்டும் பேனாவால் எழுதினார். 'சார், அது நான்' என்று சொல்ல எனக்கு ஒரு முழு நிமிடம் கிடைத்தது. சொல்லவில்லை. மூன்று மாதம் சொல்லாதவன், இரண்டு நாள் சொல்லாதவன், அந்த ஒரு நிமிடமும் சொல்லவில்லை. மூழ்கிய கப்பலை அறுத்து எடுத்தார்கள். எங்கள் கப்பலையும் இழுத்துக்கொண்டு போனார்கள். அவர் ஓய்வு பெற்றார். அந்த வரி மட்டும் அப்படியே இருந்து, போன மாதம் கூடத்தில் சிரிப்பு வாங்கியது.

இதுவரை எழுதியதை எடுத்துக்கொண்டு நேற்று மயிலாப்பூர் போனேன். மாஸ்டருக்குக் கண் கொஞ்சம் மங்கியிருக்கிறது. ஜன்னலோரம் உட்கார்ந்து, பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டே முழுவதையும் படித்தார். எதையும் அடிக்கவில்லை.

"நான் எழுதினதை ஏன் மாத்தறேள்? ஒத்தைக் கோட்டை நம்பினது நான்தானே?"

அவர் வாயிலிருந்து 'ஏன்' வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"நீங்க எழுதினதை நான் மாத்தல சார். என்னுதையும் எழுதறேன்."

அவர் காகிதங்களை அடுக்கி மடியில் வைத்தார். "சரி. என் கோடு ஒண்ணு, உங்க கோடு ஒண்ணு. ரெண்டாச்சு. மூணாவது?"

சட்டைப் பையிலிருந்து ஸ்டெல்லாவின் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். மடிப்புகளில் கிழிந்து, ஊறுகாய் எண்ணெய் பட்ட இடம் கண்ணாடி போல இருந்தது. அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, தொட்டியைப் பற்றிய வரி வரும்வரை மெதுவாகப் படித்தார். பிறகு, அன்று வரைபடத்தில் முக்கோணத்தைத் தொட்டதுபோல, பென்சில் முனையால் அந்த வரியைத் தொட்டார்.